டர்னர் என்ற பெயருக்கு என்ன பெயர்?

மடல் 1: கோவையிலிருந்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிறு கலைக்களஞ்சியத்தில் 'ட' வரிசை என் தலையில் விழுந்திருக்கிறது. டமாஸ்கஸ், டயனமோ எல்லாம் சுலபமாகப் போய்விட்டன. டர்னரில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பெயரில் ஒரு பட்டாளமே இருக்கிறது. ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னர், பாடகி டினா டர்னர், 1831இல் வர்ஜீனியாவில் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்த நாட் டர்னர், 1980இல் சிஎன்என் தொடங்கிய டெட் டர்னர், டர்னர் நோய்க்குறிக்குப் பெயர் தந்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர், 1975 உலகக் கோப்பையில் ஆட்டமிழக்காமல் 171 அடித்த நியூசிலாந்தின் கிளென் டர்னர் (அதைத் தாண்ட 1983இல் கபில்தேவின் 175 வரவேண்டியிருந்தது).

இவர்களை வரிசையாகப் போட்டுவிடலாம். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி வேண்டும், இது இன்ன வகைப் பெயர் என்று. ஆங்கிலத்தில் 'ஆக்குபேஷனல் சர்நேம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஸ்மித், டெய்லர், பேக்கர், குக், கார்பென்டர் எல்லாம் அதில் அடக்கம். செய்த தொழிலின் பெயரே ஆளுக்கு ஒட்டி, அப்புறம் பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கிய பெயர்கள்.

நான் கை போன போக்கில் 'டர்னர் என்பது ஓர் ஆங்கிலத் தொழிற்பெயர்' என்று எழுதிவிட்டு, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். "தொழிற்பெயர்னா ஓடுதல், படித்தல்தானே? இது என்ன, டர்னுதலா?" என்று கேட்டாள். அத்தோடு பேனாவை மூடிவிட்டேன்.

என் அப்பா முப்பது வருடம் லேத் பட்டறையில், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் இடத்தில், டர்னராக இருந்தவர். எங்கள் வீட்டில் டர்னர் என்றால் ஓவியர் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஊசியைத் தீயில் காட்டி, விரல் நுனியில் ஏறிய இரும்புப் பிசிறை வெளிச்சத்தில் பிடித்து எடுப்பவர். அதனால் இந்த ஒரு பதிவை மட்டும் ஏனோதானோ என்று விட மனம் வரவில்லை. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

மடல் 2: தஞ்சாவூரிலிருந்து

தம்பி, உங்கள் மகள் சொன்னதே சரி. அவளுக்கு என் ஆசிகள். நாற்பது ஆண்டு வகுப்பெடுத்ததில் இந்த இடத்தில் சரியாகத் தடுக்கி விழுந்த மாணவர்கள் குறைவு.

தொழிற்பெயர் என்ற வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகைப் பெயரில் கடைசி அது. பக்கத்து வீடுகளும் காலியில்லை. 'தொழிலாகுபெயர்' என்றால் 'வற்றல் தின்றான்'. வற்றுதல் என்ற தொழிலின் பெயர், வற்றிய காய்க்கு ஆகி வந்தது. 'வினையாலணையும் பெயர்' என்றால் வந்தவன், கடைந்தவன். அமைப்பைப் பார்த்தால் டர்னருக்கு மிக அருகில் இருப்பது இதுதான், கடைபவர். ஆனால் அது ஒருவர் செய்யும் செயலைச் சொல்லும். பரம்பரையாகச் சூட்டிக்கொள்ளும் பெயர் என்ற பொருள் அதில் ஏறாது.

ஆக, 'தொழில்' என்ற சொல்லையும் 'பெயர்' என்ற சொல்லையும் ஒட்டவைத்தாலே இலக்கணம் வந்து கதவைத் தட்டும். நடுவில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

மடல் 3: சென்னையிலிருந்து

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம்.

முதலில் ஒன்று. சர்நேம் என்ற சங்கதியே நம்மிடம் இல்லை. இனிஷியலை வைத்து ஓட்டிவிடுகிறோம். பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அப்பா பெயரை எழுதிவிட்டு, வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்பா பெயரைக் கூப்பிட்டால் நாம் எழுந்து போகிறோம். இல்லாத பொருளுக்குச் சொல் தேடுவதால்தான் இவ்வளவு பாடு. 'சர்நேம்' என்றே வைத்துக்கொண்டால் என்ன?

தமிழில்தான் வேண்டும் என்றால், படிக்கிறவனுக்குப் பார்த்த உடனே புரிகிற மாதிரி 'குலத்தொழில் பெயர்' என்று போடலாம். கொல்லர் வீட்டுப் பிள்ளைக்குக் கொல்லர் என்று பெயர். அதுதானே விஷயம்?

மடல் 4: கோவையிலிருந்து

> குலத்தொழில் பெயர்... அதுதானே விஷயம்?

அது இல்லை தம்பி, அதைத்தான் சொல்ல வருகிறேன். குலம் என்ற சொல் நம் ஊரில் எதையெல்லாம் கிளறும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட, அந்தச் சொல்லைப் போட்டால் தகவலே பொய்யாகிவிடும். டர்னர் பதிவுக்காகப் படித்ததைக் கொட்டுகிறேன், பாருங்கள்.

ஓவியர் டர்னர் 1775இல் லண்டன் கோவன்ட் கார்டனில், மெய்டன் லேன் என்ற சந்தில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர், பொய்முடியும் செய்வார். கடைசலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மா மேரி மார்ஷல். மார்ஷலும் இதே ரகப் பெயர்தான். குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு வந்தது. ஆனால் அம்மாவின் வீட்டார் இறைச்சிக் கடைக்காரர்கள். கடைசல்காரர் என்று பெயர் வைத்திருந்த முடிதிருத்துபவரும், குதிரைக்காரர் என்று பெயர் வைத்திருந்த கசாப்புக் கடை வீட்டுப் பெண்ணும் கல்யாணம் செய்து, பிறந்த பிள்ளை ஓவியரானது. இதில் எது குலத்தொழில்?

பையன் வரைந்த படங்களை அப்பா தன் கடை ஜன்னலில் தொங்கவிட்டுச் சில ஷில்லிங்குக்கு விற்றார். பின்னாளில் மகனோடேயே வந்து தங்கி, கித்தானை இழுத்துக் கட்டுவது, படத்துக்கு வார்னிஷ் பூசுவது என்று 1829இல் சாகும்வரை உதவியாளராக இருந்தார். மகனிடமிருந்து அப்பாவுக்குப் போன தொழில்! அதோடும் முடியவில்லை. கடைசிக் காலத்தில் ஓவியர் செல்சியில் சோஃபியா பூத் என்ற அம்மையாரின் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தபோது, அக்கம்பக்கத்தார் அவரை பூத் என்றே நினைத்திருந்தார்கள். பெயர் ஆளோடு ஒட்டியிருந்த லட்சணம் அவ்வளவுதான்.

இன்னொரு டர்னர், 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தாவரவியலுக்கு அடிபோட்ட வில்லியம் டர்னர். இவருடைய அப்பா தோல் பதனிடுபவராக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் டேனர் என்று தனிப் பெயரே இருக்கிறது. அது இவர்களுக்கு வாய்க்கவில்லை.

அப்புறம் நாட் டர்னர். அவர் பிறந்தபோது அவருக்கு உரிமையாளன் என்று இருந்தவன் பெயர் பெஞ்சமின் டர்னர். அடிமைக்கு எஜமானின் பெயர் அப்படி வந்து ஒட்டியது. டினா டர்னரின் சொந்தப் பெயர் ஆனா மே புல்லக். பின்னாளில் கணவரான அய்க் டர்னர் தன் இசைக்குழுவுக்காக அவருக்கு வைத்த மேடைப் பெயர்தான் டினா டர்னர். அவர் விட்டுப் போனால் வேறொரு பெண்ணை அதே பெயரில் மேடையேற்றலாம் என்று அதை வணிகக் குறியாகவும் பதிந்துவைத்தார். 1978இல் விவாகரத்து முடிந்தபோது அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டது முக்கியமாக அந்தப் பெயரைத்தான். அதை வைத்தே எண்பதுகளில் மறுபடி எழுந்து வந்தார்.

ஒருவருக்கு அப்பா வழியாக, ஒருவருக்கு எஜமான் வழியாக, ஒருவருக்குப் புருஷன் வழியாக. இத்தனை பேரில் உளியைக் கையால் தொட்டவர் எவரும் இல்லை. பெயர்தான் தொழிலிலிருந்து வந்தது, ஆள் வரவில்லை. நமக்கு வேண்டிய சொல் இந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

எனக்குத் தோன்றியது 'தொழிலடிப் பெயர்'. தொழிலை அடியாகக் கொண்ட பெயர். வேரைப் பற்றி மட்டும் பேசும், ஆளைப் பற்றி வாயைத் திறக்காது. பிடித்திருக்கிறதா?

மடல் 5: டொராண்டோவிலிருந்து

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்தில் படித்து இங்கே இயற்பியல் படிப்பிக்கிறவள். மூன்று விடயங்கள் சொல்ல இருக்கின்றன.

முதலாவது, தலைப்பைத் தமிழாக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நாங்கள் 'கடைச்சல்' என்போம், நீங்கள் 'கடைசல்' என்கிறீர்கள். உங்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'கடைசலர்' என்று எழுதுகிறார்கள் என்று தெரியும். அது வேலைக்குப் பெயர். டினா கடைசலர் என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பெயர் டர்னராகவே இருக்கட்டும், பொருளை ஒரு வரியில் சொன்னால் போதும்.

இரண்டாவது, அந்த ஒரு வரி ஆங்கிலத்துக்கு மட்டும் என்று நினைத்துச் சொல் ஆக்காதீர்கள். ஜெர்மனில் கடைசல்காரர் 'டிரெக்ஸ்லர்'. இத்தாலிய இயக்குநர் ஜூசெப்பே டோர்னட்டோரேயின் பெயரிலும் அதே கடைசல்தான், டர்னரும் அதுவும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். போலந்தின் ஓல்கா டோகார்சுக், 2018ஆம் ஆண்டுக்கான இலக்கிய நொபெல் பெற்றவர், அவர் பெயரில் இருக்கும் 'டோகார்' என்பதும் கடைசல்காரரே. கடைசிப் பகுதி 'மகன்' என்ற பொருளில் வருவது. கடைசல்காரர் மகன்! தொழிலும் தந்தையும் ஒரே பெயருக்குள். உங்கள் சொல் இவர்களையும் தாங்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் பட்டியலில் இந்தக் குழு தவறவிடவே கூடாத ஒரு டர்னர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வானியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஹால் டர்னர். 1913இல் விண்மீன் தொலைவுக்கு ஓர் அலகு வேண்டியிருந்தது. பூமி இடம்மாறுவதால் விண்மீன் விலகித் தெரியும் கோணம், அதாவது இடமாறு தோற்றம் (பாரலாக்ஸ்), ஒரு விகலையாக (பாகையில் 3600இல் ஒரு பங்கு, ஆங்கிலத்தில் செகண்ட்) இருக்கும் தொலைவு, கிட்டத்தட்ட 3.26 ஒளியாண்டு. அதற்குப் பெயர் வைப்பதில் நம் குழுவில் நடக்கிற மாதிரியே நடந்திருக்கிறது. வானியலாளர்களில் டைசன் 'அஸ்ட்ரான்' என்றார். சார்லியர் 'சிரியோமீட்டர்' என்றார். டர்னர், பாரலாக்ஸ் என்பதில் பாதியையும் செகண்ட் என்பதில் பாதியையும் வெட்டி ஒட்டி 'பார்செக்' என்றார். நின்றது அதுதான். மற்ற இரண்டும் அழகான பெயர்கள், ஆனால் அலகு எப்படி வந்தது என்று அவை சொல்லவில்லை. பார்செக்கைப் பிரித்துப் பார்த்தால் வரையறையே உள்ளே இருக்கிறது. என் மாணவர்களுக்கு நான் வரையறையைப் படிப்பிப்பது அந்தச் சொல்லை உடைத்துக் காட்டித்தான்.

அதே டர்னர்தான் 1930இல் புதுக் கோளுக்கு 'புளூட்டோ' என்ற பெயரை அமெரிக்காவுக்குத் தந்தியடித்தவர். யோசனை 11 வயது வெனிஷியா பர்னி என்ற சிறுமியுடையது. அவளுடைய தாத்தா அதை டர்னரிடம் சேர்த்தார். தாத்தாவின் முதற்பெயர் ஃபால்கனர், அதாவது வேட்டைக்கு வல்லூறு பழக்குபவர். அவர் செய்ததோ நூலகர் வேலை. அண்ணா சொன்னதுக்கு இன்னுமொரு சாட்சி.

மடல் 6: தஞ்சாவூரிலிருந்து

டொராண்டோ அம்மையாரின் மடல் நன்று. பார்செக் கதை எனக்குப் புதிது.

நேற்று இரவு தூக்கம் வராமல் தொல்காப்பியத்தைப் புரட்டினேன். பெயரியலில் உயர்திணைப் பெயர்களை அடுக்கும் இடத்தில் 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே, வினைப்பெயர் உடைப்பெயர் பண்புகொள் பெயரே' என்று போகிறது. வினைப்பெயருக்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? தச்சன், கொல்லன். கார்பென்டரும் ஸ்மித்தும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்!

இன்னும் பாருங்கள். ஆங்கிலேயர் தம் குடும்பப் பெயர்களைப் பெரும்பாலும் நான்காகப் பிரிக்கிறார்கள். ஊரால் வந்தது, தொழிலால் வந்தது, தந்தை பெயரால் வந்தது, நிறம் உருவம் போன்ற தன்மையால் வந்தது. நிலப்பெயர், வினைப்பெயர், பண்புகொள் பெயர் என்று மூன்று நம்மிடம் அப்படியே இருக்கின்றன. பண்புகொள் பெயருக்கு உரையில் வருவது கரியான், செய்யான். அவர்களுடைய பிளாக், பிரவுன். நான்காவதற்கு வேண்டுமானால் சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள், 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்'. கணக்காயர் என்றால் ஆசிரியர். தொழிலும் தந்தையும் ஒரே பெயரில் வருவதற்குப் போலந்துவரை போக வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை 'வினைப்பெயர்'. புதிதாக ஆக்க வேண்டாம், எடுத்துத் தூசி தட்டினால் போதும்.

மடல் 7: சென்னையிலிருந்து

ஐயா, கேட்கவே சிலிர்ப்பாக இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புக்காரி 'டர்னர் ஒரு வினைப்பெயர்' என்று படித்தால் என்ன நினைப்பாள்? வினை என்றாலே அவளுக்கு வினைச்சொல்தான். 'டர்னுதல்' மறுபடியும் வந்து நிற்கும்.

குலத்தொழிலை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன். மெய்டன் லேன் முடிதிருத்துபவர் என்னை மாற்றிவிட்டார்.

'தொழிலடி' ஓகே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் ஐயா சொன்ன நான்கு வகைக்கும் அதே அச்சில் வார்த்துப் பார்த்தேன். தொழிலடிப் பெயர், ஊரடிப் பெயர், பண்படிப் பெயர்... நான்காவது 'தந்தையடிப் பெயர்'. அப்பா அடித்த அடியில் வந்த பெயர் மாதிரி இருக்கிறது அண்ணா.

மடல் 8: கோவையிலிருந்து

வீட்டில் வாசித்துக் காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தொழிலடி போயிற்று.

நேற்று பட்டறைப் பக்கம் போயிருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் இன்னும் லேத்தில் நிற்கிறார். இங்கிலாந்தில் அந்தக் காலத்து டர்னர்கள் வேலை செய்ததைப் பற்றி அவரிடம் சொன்னேன். தலைக்கு மேலே வளையும் கழி ஒன்று, அதிலிருந்து இறங்கும் கயிறு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கால்மிதிக்குப் போகும். மிதித்தால் மரம் முன்னே சுழலும், காலை எடுத்தால் கழி நிமிர்ந்து பின்னே சுழற்றும். முன்னே சுழலும்போது மட்டும்தான் உளி மரத்தில் பட வேண்டும். கிண்ணமும் குவளையும் அப்படித்தான் கடைந்திருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களின் சங்கத்துக்கு 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சாசனமே கொடுத்திருக்கிறார்.

பெரியவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப அது மோர் கடையிற மாதிரிதானே?" கையால் கயிறு இழுத்துக் காட்டினார், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தூணில் கட்டிய மத்தும் கழி போட்ட லேத்தும் ஒரே ஆட்டம்தான். நம் ஆட்கள் இரண்டுக்கும் 'கடை' என்ற ஒரே வினையை வைத்திருக்கிறார்கள். எனக்கு இத்தனை வருடம் இது உறைக்கவில்லை. டர்னர் பதிவில் பொருள் சொல்லும் வரிக்கு 'கடைசல் வேலை செய்பவர்' என்றே எழுதிவிட்டேன். அதைவிட நல்ல சொல் இருக்க முடியாது.

வகைப் பெயருக்கு வருகிறேன். ஐயாவின் வினைப்பெயர் மனதுக்கு நெருக்கமானது. ஆனால் தம்பி சொல்லும் இடைஞ்சலும் உண்மை. அதனால் அதைக் குறிப்பில் வைத்துக்கொண்டு, தலைப்புச் சொல்லாக 'தொழில்வழிக் குடும்பப்பெயர்' என்று போடலாமா? 'தந்தைவழி' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதே அச்சில் ஊர்வழி, பண்புவழி, தொழில்வழி. ஐயா கேட்ட மாதிரி தொழிலுக்கும் பெயருக்கும் நடுவே 'வழி' நிற்கிறது. பெயர் வந்த வழியைத்தான் சொல்கிறது, மனிதர் வந்த வழியை இல்லை.

மடல் 9: டொராண்டோவிலிருந்து

தொழில்வழிக்கு என் ஓட்டு. உடைத்துப் பார்த்தால் பொருள் தெரிகிறது. டோகார்சுக்கைத் தொழில்வழியிலும் தந்தைவழியிலும் இரண்டிலும் போடலாம்.

'குடும்பப்பெயர்' மட்டும் நாட் டர்னரிடம் உறுத்துகிறது. அந்தப் பெயர் அவர் குடும்பத்துடையதே அல்ல. அவருடைய வரியில் 'எஜமானின் குடும்பப்பெயரால் அறியப்பட்டவர்' என்று எழுதிவிடுங்கள். கலைச்சொல்லை மாற்ற வேண்டாம், வாக்கியத்தை மாற்றினால் சரி.

மடல் 10: தஞ்சாவூரிலிருந்து

எனக்கும் உடன்பாடே. வினைப்பெயர் குறிப்பில் இருக்கட்டும், காத்திருந்து பழகியது அது. 'தொழில்வழி' என்பதை அடுத்து 'க்' மிகும். குடும்பப்பெயரைச் சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் அச்சில் ஆளுக்கொரு வரியில் போய் நிற்கும்.

மடல் 11: சென்னையிலிருந்து

கடைசியாக ஒரு சந்தேகம். பார்சிகளை இதில் சேர்க்கலாமா? கான்ட்ராக்டர், இன்ஜினியர் என்று ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்களே. 1937இல் பம்பாய் மாகாணத்துப் பிரதமராக (இன்றைய முதல்வர் மாதிரி) இருந்த தன்ஜிஷா கூப்பரும் இருக்கிறார். கூப்பர் என்றால் மரப்பீப்பாய் செய்பவர்.

மடல் 12: கோவையிலிருந்து

தாராளமாகச் சேர்க்கலாம். 'இ' வரிசை பார்க்கும் நண்பரிடம் ஃபரூக் இன்ஜினியரை இதே தலைப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். கிரிக்கெட் ஆடியவர், பெயர் இன்ஜினியர். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று தேடினேன். டாக்டர்.